நீராவி இன்ஜினைச் சீரமைக்க ஏன் இத்தனை வருஷம்?

கேள்வி இதுதான்: ஒரு தன்னார்வக் குழு பழைய நீராவி இன்ஜின் ஒன்றைச் சீரமைக்கிறது. 12 வருஷமாகியும் அது ஓடவில்லை, இப்போது மறுபடியும் நன்கொடை கேட்கிறார்கள். அந்தக் காலத்து ரயில்வே பணிமனைகள் சில வாரங்களில் முடித்த வேலைக்கு இவர்களுக்கு ஏன் இத்தனை காலம்? கேட்டவர் நாகரிகமாக அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் மனதில் இருப்பது, இவர்களை நம்பிப் பணம் கொடுக்கலாமா, அந்த இன்ஜின் என்றைக்காவது ஓடுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் பாய்லர் ஆய்வு வேலையில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட குழுக்களுக்கு அவ்வப்போது கைகொடுத்து வருகிறேன். பாய்லர் பற்றிச் சொல்வது என் தொழிலில் பார்த்தது. சக்கரம், சிலிண்டர் பக்கம் எனக்கு இருப்பது நல்ல ஃபிட்டர்கள் பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்ட அறிவு, அவ்வளவுதான்.

பழைய பணிமனைகளின் வேகம் கட்டுக்கதை இல்லை. 1891 டிசம்பரில் லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டு பணிமனையில் ஒரு சரக்கு ரயில் இன்ஜினை 9 மணி 47 நிமிடத்தில் பூட்டி, மேலே ஒரு பூச்சு சாம்பல் நிறமும் அடித்து வெளியே விட்டார்கள். ஆனால் அது பூட்டுவதற்கு மட்டும் ஆன நேரம். பாய்லர், சக்கரம், சிலிண்டர் எல்லாம் முன்பே செய்து, சரிபார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய பழுதுபார்ப்பிலும் இதே தந்திரம்தான். ஒரு இன்ஜின் பணிமனைக்குள் வந்தால் அதன் பாய்லரைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏற்கெனவே சரிசெய்து தயாராக இருக்கும் வேறொரு பாய்லரை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மற்ற எல்லா வேலையையும்விட பாய்லர்தான் அதிக நாள் பிடிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்றைக்கு ஒரு பழைய இன்ஜினைப் பிரித்தால் ஒரு ராடில் ஒரு எண்ணும், இன்னொரு பாகத்தில் வேறொரு இன்ஜினின் எண்ணும் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். தன்னார்வக் குழுவிடம் மாற்றுப் பாய்லர் கிடையாது. இருப்பது ஒன்றே ஒன்று. அதைச் சரிசெய்து முடிக்கிற வரை இன்ஜின் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவர்கள் கைக்கு இன்ஜின் எந்த நிலையில் வருகிறது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்று ஓடுகிற பழைய இன்ஜின்களில் பெரும் பங்கு, தெற்கு வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டவை. உட்ஹாம் சகோதரர்கள் நடத்திய அந்தக் கிடங்குக்கு 297 இன்ஜின்கள் உடைப்பதற்காக வந்தன. அவர்கள் சரக்கு வேகன்களை உடைப்பதில் மும்முரமாக இருந்ததால் இன்ஜின்கள் வருஷக்கணக்கில் அப்படியே நின்றன. 1968 முதல் 1990 வரை 213 இன்ஜின்களைத் தன்னார்வலர்களும் ஆர்வலர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் செம்பு, பித்தளைப் பாகங்கள் எல்லாம் கழன்று போயிருந்தன, கடல் காற்று தகடுகளைத் தின்றிருந்தது. மீட்கப்பட்டவற்றில் சில இன்றுவரை நெருப்பைப் பார்க்கவில்லை. இது போக, பழைய பாய்லர்களைச் சுற்றிச் சூடு காக்கப் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ் பூசியிருப்பார்கள். அதை அனுமதி பெற்ற ஆட்கள் முறைப்படி அகற்றும் வரை மற்றவர்கள் பக்கத்தில் போகவே கூடாது. முதல் வருஷ நன்கொடை பல இடங்களில் இதற்கே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இனி பாய்லர். இதில் ஏன் யாரும் அவசரப்படக் கூடாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆபத்து நீராவியைவிட அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரில்தான் அதிகம். 10 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 10 மடங்கில், தண்ணீர் சுமார் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியும் தண்ணீராகவே இருக்கும். தகடு கிழிந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால் அந்தச் சூட்டில் அது தண்ணீராக நீடிக்க முடியாது, ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகிவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் பிடிக்கும். டன் கணக்கில் தண்ணீர் நிற்கிற பாய்லரில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மிகவும் பயப்பட வேண்டிய இடம், நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு, கிரவுன் ஷீட் என்பார்கள். அதன் அடியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் நெருப்பு எரியும், மேலே தண்ணீர் மூடியிருக்கும். தண்ணீர் இருக்கும் வரை தகடு தண்ணீரின் சூட்டை ஒட்டியே நிற்கும். மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் சில நிமிடங்களில் அது சிவந்து, இளகி, உள்நோக்கித் தொங்க ஆரம்பிக்கும். இதற்காகவே அந்தத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஃப்யூசிபிள் பிளக் வைப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி பீறிட்டு ஃபயர்மேனை எச்சரிக்கும். அதை மட்டும் நம்பி யாரும் வண்டி ஓட்டுவதில்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1995 ஜூனில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் பக்கத்தில் சுற்றுலா ரயில் இழுத்துக்கொண்டிருந்த 1278 என்ற இன்ஜினில், தண்ணீர் குறைந்து கிரவுன் ஷீட் பிய்ந்தது. இன்ஜினில் இருந்த மூன்று பேருக்குத் தீக்காயம். உயிர் போகாததற்கு ஒரு காரணம், அந்தப் பாய்லரைக் கட்டியவர்கள் தகட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் சில வரிசைகளை வேறு மாதிரி அமைத்திருந்தது. அதனால் தகடு மொத்தமாகக் கிழியாமல் பகுதி பகுதியாகவே விட்டுக்கொடுத்தது. விசாரணையில் வெளியே வந்த விஷயம் மிகச் சாதாரணமானது: தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைச் சரியாகப் பராமரிக்கவில்லை. அதற்குப் பிறகு அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டு 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 1,472 ஓட்ட நாட்களுக்கு ஒருமுறை, அல்லது 15 வருஷத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது பாய்லரை முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வழக்கமான கணக்கு 10 வருஷம்.

பிரித்துப் பார்ப்பது என்றால் என்ன? நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு நடுவே கொண்டுபோகும் நூற்றுக்கணக்கான டியூப்களை முன்பக்கத்திலிருந்து வெட்டி உருவ வேண்டும். பிறகு உள்ளே ஆள் நுழைந்து படிவையும் துருவையும் சுரண்ட வேண்டும். அப்புறம் தகடு முழுக்கக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஃபயர்பாக்ஸின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் பிணைத்து நிற்கிற ஸ்டே போல்ட்டுகள் பெரிய இன்ஜினில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்போம். உடைந்த போல்ட்டின் சத்தம் வேறு. பழகிய காதுக்குத் தெரியும், பழகாத காதுக்கு எல்லாம் ஒன்றுதான். பல இன்ஜின்களில் போல்ட்டின் நடுவே தலைப்பக்கத்திலிருந்து ஒரு சிறு துளை போட்டிருப்பார்கள். உள்ளே விரிசல் விட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். மிக எளிமையான, மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. துளையைப் பெயின்ட் போட்டு அடைத்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தடிமன் அளவு உறுதியான தகவல். இந்த இடத்தில் தகடு இவ்வளவு தேய்ந்திருக்கிறது, கணக்குப்படி இவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லலாம். ஆனால் தடிமன் சரியாக இருக்கிற இடத்திலும் விரிசல் இருக்கலாம். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி வரிசையின் அடியில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற இணைப்பில், ஃபயர்பாக்ஸின் அடிச்சுற்று மூலைகளில் அது ஒளிந்திருக்கும். ரிவெட்டை எடுக்காமல் சில இடங்களைப் பார்க்கவே முடியாது. ஆகவே டியூப் உருவுவதற்கு முன் ஒரு குழு, இரண்டு வருஷத்தில் முடியும் என்று சொன்னால் அது நம்பிக்கை, மதிப்பீடு அல்ல. பழைய வீட்டுக் கூரையில் ஒழுகுகிற ஓடு ஒன்றை மாற்றப் போய், உத்தரம் உளுத்திருப்பதைப் பார்த்து நிற்பது போன்ற வேலை இது. ஒரு சதுர அடி ஒட்டுப் போடலாம் என்று வெட்ட ஆரம்பித்து, நல்ல உலோகம் கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது பாதிப் பக்கத் தகடு போயிருக்கும்.

பழுதுபார்க்கும் முறையிலும் வல்லுநர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் இன்றைய எஃகைவிட அதிகம் இருக்கலாம். வெல்டிங் செய்தால் சில தகடுகள் ஒழுங்காகச் சேரும், சில ஓரத்தில் வெடிக்கும். அதனால் ஒரு துண்டை எடுத்து ஆய்வகத்தில் சோதிக்காமல் வெல்டிங் டார்ச்சை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. செம்பு ஃபயர்பாக்ஸா, எஃகு ஃபயர்பாக்ஸா என்பது இன்னொரு தீராத வாதம். பழமை மாறக் கூடாது என்பவர்கள் ரிவெட் அடித்த செம்பையே கேட்பார்கள். செலவைப் பார்ப்பவர்கள் முழுக்க வெல்டிங் செய்த புதுப் பாய்லரே மேல் என்பார்கள். டொர்னேடோ என்ற இன்ஜின் இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம். அந்த வகையைச் சேர்ந்த 49 இன்ஜின்களும் உடைக்கப்பட்டுவிட்டதால், 1990ல் ஒரு அறக்கட்டளை தொடங்கி, மக்களிடம் மாதாமாதம் சிறு தொகை வாங்கி, 2008ல் முற்றிலும் புதிய இன்ஜினைக் கட்டி முடித்தார்கள். பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் எஃகு ஃபயர்பாக்ஸுடன் செய்து வந்தது. ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு செலவு, 18 வருஷம். பழைய துருவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லாத புது இன்ஜினுக்கே இவ்வளவு காலம் என்பதைக் கவனியுங்கள்.

வேலை முடிந்ததும் நேராக நெருப்பு மூட்ட மாட்டார்கள். முதலில் பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஓட்ட அழுத்தத்தைப் போல ஒன்றேகால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை ஏற்றி நிறுத்துவார்கள். தண்ணீர் அமுங்காது. அதனால் எங்காவது விட்டுப்போனாலும் பீய்ச்சி அடித்து அழுத்தம் இறங்கிவிடும், வெடிக்காது. அதில் தேறினால் நீராவிச் சோதனை. நெருப்பை மெதுவாக, குளிர்ந்த பெரிய பாய்லர் என்றால் ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். சூடேறும்போது பாய்லர் நீளும். அதனால் அதன் முன்பக்கப் புகைப்பெட்டி முனையைத்தான் இன்ஜினின் அடிச்சட்டத்தோடு இறுக்கியிருப்பார்கள், ஃபயர்பாக்ஸ் முனை வழுக்கி நகர இடம் விட்டிருக்கும். அவசர நெருப்பில் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாமல் நின்றால், மாதக்கணக்கில் உட்கார்ந்து விரித்துப் பொருத்திய டியூப் முனைகள் எல்லாம் கசிய ஆரம்பித்துவிடும்.

பாய்லருக்குக் கீழே உள்ள வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது என் துறை இல்லை. அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று சிலிண்டரின் மையத்திலிருந்து கம்பி கட்டியோ லேசர் விட்டோ பார்க்கிறார்கள். சக்கர அச்சைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸுகளில் வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலவையை உருக்கி ஊற்றி மறுபடி கடைகிறார்கள். சக்கரத்தைச் சுற்றியிருக்கும் தேய்ந்த எஃகு டயரை வெட்டி எடுத்துவிட்டு, சக்கரத்தின் விட்டத்தைவிட ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியதாகக் கடைந்த புது டயரை நெருப்பில் சூடேற்றி, விரிந்திருக்கும்போதே மாட்டுகிறார்கள். ஆறியதும் அதுவே கவ்விக்கொள்ளும். வார்ப்பிரும்பு சிலிண்டரில் விரிசல் இருந்தால் வெல்டிங் பெரும்பாலும் சரிப்படாது. குளிர்ந்த நிலையிலேயே உலோகத் துண்டுகளை வரிசையாக அடித்துத் தைப்பது ஒரு தனிக் கலை. காணாமல் போன பாகத்துக்கு முதலில் மரத்தில் மாதிரி செய்து, பிறகு வார்த்து, பிறகு கடைய வேண்டும். ஒரே ஒரு பாகத்துக்காக இவ்வளவும்.

தன்னார்வலர்கள் என்பதால்தான் தாமதமா என்றால், ஒரு பகுதிக்கு மட்டும் ஆமாம். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற இன்ஜினை பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004ல் வாங்கி, 2006ல் பிரித்து, 2016ல்தான் மறுபடி ஓட விட்டது. 42 லட்சம் பவுண்டு ஆனது. சம்பளத்துக்கு ஆள் வைத்தும், கேட்டால் பணம் கிடைக்கிற பெயர் இருந்தும், 10 வருஷம். இன்னொரு பக்கம், தன்னார்வலர்கள் மூலப் பணிமனையைவிட நன்றாகச் செய்ததும் உண்டு. டியூக் ஆஃப் க்ளாஸ்டர் என்ற 71000 எண் இன்ஜின் 1954ல் கட்டப்பட்டு, நிலக்கரி தின்னும், நீராவி தராது என்ற கெட்ட பெயரோடு 1962ல் ஓய்வு பெற்றது. சிலிண்டர், அதற்குள் நீராவியை விடும் வால்வ் கியர் ஆகியவற்றில் ஒரு பகுதி அருங்காட்சியகத்துக்குப் போய், மிச்சம் பாரி கிடங்கில் கிடந்தது. அதை 1974ல் வாங்கிய குழு, 1986ல் ஓட வைத்தது. வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பாகமாகச் சரிபார்த்தபோது, சாம்பல் தொட்டியில் காற்று நுழையும் வாய் வடிவமைத்ததைவிடச் சிறியதாகச் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. நெருப்புக்குக் காற்றே போதவில்லை! அதையும் புகைபோக்கிப் பகுதியையும் திருத்திய பிறகு அந்த இன்ஜின் தன் பணிக்காலத்தில் காட்டாத இழுவையைக் காட்டியது. நிதானமாக அளந்து பார்க்க நேரம் இருந்தவர்களால்தான் அது முடிந்தது.

தன்னார்வக் குழுக்கள் நேரத்தைத் தொலைக்கும் இடம் வேறு. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற ஆளுக்கு, போன வாரம் எங்கே விட்டோம் என்று நினைவுக்குக் கொண்டுவரவே ஒரு மணி நேரம் போகும். சூடான ரிவெட் அடிக்க, உலையில் சூடேற்ற ஒருவர், உள்ளே தாங்கிப் பிடிக்க ஒருவர், வெளியே அடிக்க ஒருவர் என்று ஒரே நேரத்தில் மூன்று பேராவது வேண்டும். இரண்டு பேர் வந்தால் அன்றைக்கு அந்த வேலை நடக்காது. கைத்திறன் தெரிந்த பெரியவர் ஒருவர் உடம்பு முடியாமல் நின்றுவிட்டால் அவரோடு அந்த வேலையும் நிற்கும். இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. 1951ல் வேல்ஸின் டாலிலின் ரயில் பாதையைத் தன்னார்வலர்களே எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, உலகில் அதற்கு முன்மாதிரியே கிடையாது. அது இன்றும் ஓடுகிறது.

சரி, உங்கள் குழு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பாய்லர் வேலை முடியாமல் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், பார்வைக்கு வைக்க மட்டும் சீரமைக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் தவிர. அதுவும் மரியாதையான வேலைதான். எல்லா இன்ஜினும் ஓடியே ஆக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, சில பாய்லர்களை நெருப்பு காட்டாமல் விடுவதே நல்லது. பாய்லர் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சான்றளிக்கப் போகிற ஆய்வாளர் யார், எந்தக் கட்டத்தில் அவரைக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். எல்லாம் முடித்த பிறகு கூப்பிடுவோம் என்று பதில் வந்தால், செய்த வெல்டிங்கை வெட்டி எடுக்கச் சொல்லும் நாள் ஒன்று காத்திருக்கிறது. தடிமன் அளந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களில் எண் கட்டி, எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று கிடங்கைச் சுற்றிப் பாருங்கள். பெயரில்லாமல் குவிந்து கிடக்கும் போல்ட்டுகள் எனக்கு எந்த அறிக்கையையும்விட அதிகம் சொல்லும். இன்ஜின் யாருக்குச் சொந்தம், முடிந்தபின் எந்தப் பாதையில் ஓடும் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். இருபது வயதுக்காரர் ஒருவராவது கிரீஸ் கையோடு நின்றால் நல்ல அறிகுறி.

பெரும்பாலானோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: ஓட ஆரம்பித்த பிறகு அடுத்த முழு ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வரும்? சான்றிதழ் கிடைக்கும் நாளிலேயே அந்த 10 அல்லது 15 வருஷக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கை அதற்கென்று தனிக் கணக்கில் போடுகிற குழுவுக்கு, 12 வருஷம் தாமதமானாலும் நான் தயங்காமல் கொடுப்பேன். பல குழுக்கள் ஒரு டியூப், ஒரு ஸ்டே போல்ட் என்று பெயர் சொல்லி நன்கொடை வாங்குகின்றன. உங்கள் குழுவிலும் அப்படி இருந்தால் பொது நிதிக்குப் பதில் அதற்குக் கொடுங்கள். ரசீதில் பாய்லர் வேலைக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், டியூப் மாட்டுகிற அன்று போய்ப் பாருங்கள்.